எண்ணெயைத் தின்னும் கிருமிகள்!

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை.

சென்னைக்கு வடக்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் காஸை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல். மற்றொன்று, எண்ணெய்க் கப்பல். மோதிய வேகத்தில் எண்ணெய்க் கப்பலின் பக்கம் கிழிந்தது. கப்பலை ஓட்டுவதற்காக வைத்திருந்த கெட்டியான எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது.

பெரிய கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் கடல் பொய் சொல்லவில்லை. எண்ணெயைக் கொண்டுவந்து கரையில் தள்ளியது. எர்ணாவூர் பாறைகளில் தார் போலப் படிந்தது. மெரினா கடற்கரை வரையில் கறுப்பு பரவியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க மக்கள் பயந்தார்கள். மீனவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாயிற்று.

உறிஞ்சி இழுக்கும் எந்திரங்கள் வந்தன. கெட்டிச் சேற்றை அவற்றால் சரியாக இழுக்க முடியவில்லை. கடைசியில் கை கொடுத்தது எது தெரியுமா? வாளி! மீனவர்களும், மாணவர்களும், தொண்டர்களும் வரிசையாக நின்று, வாளி வாளியாகச் சேற்றை அள்ளினார்கள்.

சரி, அள்ளிய சேறு எங்கே போயிற்று?

கிருமிகளுக்கு விருந்து

அதைக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. மழை பெய்தால் நிலத்தடி நீரில் இறங்கிவிடும். கொளுத்தினால் நச்சுப் புகை கிளம்பும். ஆகவே துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 2,000 சதுர மீட்டர் இடம் ஒதுக்கினார்கள். அங்கே சேற்றைக் கிருமிகளிடம் ஒப்படைத்தார்கள். கிருமிகளைத் தயாரித்துக் கொடுத்தது இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம்.

கிருமி என்றதும் காய்ச்சலும் பேதியும் நினைவுக்கு வருகிறதா? எல்லாக் கிருமியும் கெட்டதல்ல. பாலைத் தயிராக்குவது கிருமி. இட்லி மாவைப் பொங்க வைப்பது கிருமி. அதே போல, எண்ணெயையே சாப்பாடாகக் கொள்ளும் கிருமிகளும் உண்டு.

இவை புதிதாகப் பிறந்தவை அல்ல. பூமிக்கு அடியிலுள்ள எண்ணெய், கடலடியில் பல இடங்களில் தானாகவே கசிந்து வருகிறது. இது யுகயுகமாக நடக்கிறது. அதைத் தின்று வாழப் பழகிய கிருமிகள் கடலிலும் மண்ணிலும் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை கொஞ்சமாக இருக்கும். எண்ணெய் கொட்டினால் பெருகிவிடும். எண்ணெயைத் தின்று, அதைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும்.

நம் கிராமத்து எருக்குழியை நினைத்துப் பாருங்கள். சாணமும் வைக்கோலும் சில மாதங்களில் மக்கி உரமாகிறது அல்லவா? அந்த வேலையைச் செய்வதும் கிருமிகள்தான். குழியைக் கிளறிவிட வேண்டும், ஈரம் வேண்டும். எண்ணெய்ச் சேற்றுக்கும் அதே வைத்தியம்தான்.

அலாஸ்காவில் ஒரு சோதனை

இது எவ்வளவு தூரம் பலிக்கும்? அமெரிக்காவின் வட கோடியில் உள்ள அலாஸ்கா பதில் சொல்கிறது.

1989-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, ‘எக்ஸான் வால்டீஸ்’ என்ற கப்பல் அங்கே பாறையில் மோதியது. 4 கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கொட்டியது. கடற்பறவைகள் லட்சக்கணக்கில் மடிந்தன. ஆயிரக்கணக்கான ஆட்கள் வெந்நீரைப் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். வெந்நீர் பட்டு, எண்ணெய்க்குத் தப்பிய சிறு உயிர்களும் செத்தன!

அப்பொழுது விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். கரையின் ஒரு பகுதியில் உரம் போட்டார்கள். ஏன் உரம்? எண்ணெய் கிருமிக்குச் சோறு மாதிரி. ஆனால் வெறும் சோறு போதுமா? தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். அவை எண்ணெயில் போதுமான அளவு இல்லை.

உரம் போட்ட இடம் சில வாரங்களில் வெளுத்தது! உரம் போடாத பக்கத்துக் கரை கறுப்பாகவே இருந்தது. பிறகு 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட கரையில் உரம் போட்டார்கள். வெளியூர்க் கிருமி தேவைப்படவில்லை. அந்தக் கரையிலேயே இருந்த கிருமிகள் வேலையைச் செய்தன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கூழாங்கல்லுக்கு அடியில் ஆழமாக இறங்கிய எண்ணெய், 20 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே கிடந்தது. காரணம் என்ன? அங்கே காற்று புகவில்லை. காற்று இல்லாத இடத்தில் இந்தக் கிருமிகளுக்குப் பசியே எடுப்பதில்லை.

இந்தியர் சாதனை

இந்தத் துறையில் பெயர் பெற்றவர் ஓர் இந்தியர். வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. எண்ணெயின் பல பாகங்களையும் தின்னக்கூடிய ஒரு கிருமியை 1970-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று பெரிய வழக்கே நடந்தது. 1980-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, 5 நீதிபதிகள் ஆதரிக்க, 4 பேர் எதிர்க்க, கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அந்தக் கிருமியைக் கடலில் விடவே இல்லை. மனிதன் மாற்றிய உயிரைத் திறந்த கடலில் விட்டால் என்ன ஆகுமோ என்ற தயக்கம்தான்.

டெல்லியிலுள்ள ‘டெரி’ என்ற ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வழியைக் கண்டது. இயற்கையிலேயே உள்ள கிருமிகளில் ஐந்து வகைகளைத் தேர்ந்தெடுத்தது. மக்காச்சோளத் தக்கையைப் பொடித்து, அதில் அவற்றைக் கலந்தது. நம் நாட்டு எண்ணெய் ஆலைகளில் தேங்கும் கசடுகளில் இந்தப் பொடியைத் தூவுகிறார்கள். கசடைக் கிளறிவிடுகிறார்கள். நீரும் சத்தும் கொடுக்கிறார்கள். எண்ணெய் குறைய மாதக்கணக்கில் ஆகிறது.

பொறுப்பு யாருக்கு?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ‘கிருமி தின்றுவிடும்’ என்ற பேச்சு, தவறு செய்தவர்களுக்குச் சாக்காக ஆகிவிடக் கூடாது.

கிருமி மெதுவாக வேலை செய்யும். மெல்லிய எண்ணெயைச் சீக்கிரம் தின்னும். தார் போன்ற கெட்டிப் பாகத்தைத் தொட மறுக்கும். மீனவர் குடும்பமோ மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. அன்றைக்கு வலை வீசினால்தான் அன்றைக்குச் சோறு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபொழுது அதே எண்ணூருக்கு மறுபடியும் அடி விழுந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்களில் எண்ணெய் அப்பிக்கொண்டது. அந்தச் சேற்றில் காற்று குறைவு, கிளறிவிடவும் வழியில்லை. மறுபடியும் மீனவர்கள் கையால்தான் அள்ளினார்கள்.

ஆகவே முதல் வேலை, கொட்டாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, கொட்டினால் உண்மையை உடனே சொல்வது. மூன்றாவது, பரவுவதற்குள் மிதவைகளால் வளைத்து அள்ளுவது. அள்ளுகிறவர்களுக்குக் கையுறையும் காலுறையும் கொடுக்க வேண்டும். கிருமியின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. அள்ளியது போக மிஞ்சியதையும், அள்ளிக் குவித்ததையும் தின்பதே அதன் வேலை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சாக்கடை கால்வாயில் சேரும். கால்வாய் கடலில் சேரும். டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கிருமி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மனிதன் தன் வேலையைச் செய்தால், எண்ணூர்க் கரையில் மறுபடியும் வாளி தூக்க வேண்டியிருக்காது!