மேகம் வந்தால் விடுமுறை!



கம்ப்யூட்டரில் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். எழுத்தும் படமும் வந்து நிற்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தது உண்டா? ஆகாயத்தில் இருந்து அல்ல! எங்கோ ஓரிடத்தில் 'சர்வர்' என்னும் கம்ப்யூட்டர் இரவு பகலாக விழித்திருந்து அவற்றை அனுப்புகிறது. அதற்கும் மின்சாரம் வேண்டுமே!

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், கிரிஸ் டி டெக்கர் என்ற பத்திரிகையாளர் 'லோ-டெக் மேகசின்' என்ற இணைய இதழை நடத்தி வந்தார். 2018-ல் அதற்கு ஒரு சூரியப் பதிப்பு தொடங்கினார். வீட்டுப் பால்கனியில் 50 வாட் சூரியத் தகடு, ஒரு பேட்டரி, உள்ளங்கை அளவு சர்வர். அவ்வளவுதான்! அங்கிருந்தே உலகம் முழுவதும் இதழ் போனது.

இத்தனை சிறிய தகடு எப்படிப் போதுமாயிற்று? அவர் முதலில் செலவைக் குறைத்தார். பளபளக்கும் வண்ணப் படங்களைப் புள்ளிப் படங்களாக மாற்றினார். (செய்தித்தாளில் உள்ள படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், புள்ளிகள் தெரியும்.) ஒவ்வொருவர் கேட்கும்போதும் பக்கத்தைப் புதிதாக உருவாக்காமல், முன்கூட்டியே தயாரித்து வைத்தார். பலன்? சர்வருக்கு 1 முதல் 2.5 வாட் மின்சாரமே போதுமானது!

கணக்குப் போடுவோமா? 2 வாட் என்றால், 30 நாள் இடைவிடாமல் ஓடினாலும் 1.44 யூனிட்தான். 75 வாட் மின்விசிறி ஒரே நாள் முழுவதும் சுற்றினால் 1.8 யூனிட் ஆகிவிடும்!

சரி, நாள்கணக்கில் மேகம் மூடினால்? பேட்டரி தீர்ந்து, தளம் தூங்கிவிடும். அதை அவர் மறைக்கவில்லை. பேட்டரியில் மீதி எவ்வளவு என்பதைப் பக்கத்தின் பின்னணி நிறமே காட்டிவிடும். பெரிய பேட்டரி வாங்கி வைத்தால் தூங்காதே என்பீர்கள். ஆனால், பேட்டரி செய்யவும் சக்தி செலவாகிறது. சில ஆண்டுகளில் அது பழுதாகியும் விடும். அதனால் அவர் சின்ன பேட்டரியே போதும் என்றார். அப்படியும் முதல் ஓராண்டில் 100 மணிக்கு 95 மணி நேரம் தளம் விழித்திருந்தது.

மருத்துவமனைக்கும், வங்கிக்கும் இது பொருந்தாது. அங்கே ஒரு நிமிடமும் விளக்கு அணையக் கூடாது. ஆனால், கட்டுரையை நாளைக்குப் படித்தால் குடியா முழுகிப் போகும்?

நான் பாடம் நடத்திய காலத்தில் மின்சாரம் போனால், பெஞ்சுகளை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கொள்வோம். வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு நாங்கள் நகர்ந்தோம், பாடம் நிற்கவில்லை.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பார்கள் பெரியவர்கள். 'இன்னும் வேண்டும்' என்று கேட்கும் முன், 'எவ்வளவு போதும்?' என்று கேட்கப் பழகுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா, அம்மாவுடன் சேர்ந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு மின்சாதனத்திலும் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். எதை எப்போது அணைக்கலாம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லும்!

அன்புடன்,
ஆசிரியர்