குரலைத் திருடிய பேய்கள்

பேய்க்கதை என்றாலே அலறல்தான். ஆனால், ‘பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்’ தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ‘ஹஷ்’ அத்தியாயத்தில் யாராலும் அலற முடியாது. ‘ஜென்டில்மென்’ என்ற பேய்கள் சன்னிடேல் ஊர்மக்களின் குரலைத் திருடிவிட்டு, இதயத்தைப் பறிக்க வருகின்றன.

அமெரிக்காவில் 1999 டிசம்பர் 14இல் ஒளியேறிய இதில் ஏறக்குறைய 27 நிமிடங்களுக்கு வசனமே கிடையாது. காரணம் ஒரு வீம்பு! தொடரின் பலமே வசனம்தான் என்று விமர்சகர்கள் பாராட்ட, ஜாஸ் வீடன் அந்தப் பலத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு எழுதி இயக்கினார். கிறிஸ்டோஃப் பெக்கின் இசையும் நடிகர்களின் கண்களும் கதை சொல்லின. கடைசியில், ‘பஃபி’க்குச் சிறந்த எழுத்துக்கான எம்மி பரிந்துரையை வாங்கித் தந்ததே இந்தப் பேசாத அத்தியாயம்தான்!

பேய்களில் ஒருவராக வந்த டக் ஜோன்ஸ், பின்னாளில் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தின் பேசாத நீர்வாழ் உயிரினமானார்.

எனக்குப் பேய்களைவிட இறுதிக் காட்சிதான் பயம். குரல் திரும்பியதும் பஃபியும் அவள் விரும்பும் ரைலியும் மனம்விட்டுப் பேச உட்காருகிறார்கள். ஒரு வார்த்தையும் வரவில்லை. பக்கத்து அறைப் பிள்ளையைச் சாப்பிட வாட்ஸ்அப்பில் கூப்பிடும் நமக்கு, அந்த மௌனம் புதிதா என்ன?