'ஒண்டும் இல்லை'யாம்

எங்கட வீடுகளில ஆரும் "மனசு சரியில்லை" என்று டொக்டரிட்டைப் போறதில்லை. "நெஞ்சு படபடக்குது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் உளையுது" என்றுதான் போறது. ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் "ஒண்டும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். நாங்களும் வீட்டில் அதையே திருப்பிச் சொல்கிறோம். அது பிழை.

உடல்சார் உளச்சிகிச்சை தொடங்குவதே அந்த உடம்பில் இருந்துதான். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல், மூச்சு எங்கே தடைப்படுகிறது, தோள் எப்போது இறுகுகிறது என்று கவனிக்கப் பழக்குகிறது. 1930களில் வில்ஹெல்ம் ரைக் தொடக்கிவைத்த வழி இது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், செபம் என்று எங்களுக்குப் பழகிய முறைகளையே சிகிச்சையில் சேர்த்தார்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. நெஞ்சு நோவென்றால் முதலில் பரிசோதனைதான். தொட்டுச் செய்கிற முறைகளில் எங்கள் சம்மதம் இல்லாமல் ஒருவரும் தொடக்கூடாது. இடையிலும் "வேண்டாம்" சொல்லலாம்.

ஆனால், பட்டாசுச் சத்தத்துக்கு இன்றைக்கும் குனிகிற அம்மாவிடம் "வெறும் பட்டாசுதானே" என்று சொல்வதை நிறுத்துவோம். அது பட்டாசு என்று அவவுக்கும் தெரியும். பக்கத்தில் இருந்து, "இப்ப உடம்பு எப்படியிருக்கு?" என்று கேட்பம்.