சுமந்தவரிடம் உரிமம் கேட்டார்கள். சுமத்தியவரிடம் கேட்பது யார்?

2021 செப்டம்பர் தொடக்கத்தில் திருவனந்தபுரம் கரமனை காவல் நிலையத்தார் ஐந்து இளைஞர்களைக் கைது செய்தனர். ஐவரும் ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்தவர்கள். ஏடிஎம் இயந்திரங்களில் பணம் நிரப்பும் பணிக்காகத் தனியார் நிறுவனம் அமர்த்திய துப்பாக்கிக் காவலர்கள். அவர்களிடமிருந்து 5 இரட்டைக் குழல் துப்பாக்கிகளும் 25 தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. அவர்கள் காட்டிய உரிமங்கள் குறித்து ரஜௌரி மாவட்ட நிர்வாகத்திடம் விசாரித்ததில் அவை போலியானவை எனத் தெரியவந்ததாகக் காவல்துறை அறிவித்தது.

காவல்துறை கேட்டது, போலி அகப்பட்டது, சட்டம் வென்றது என்று பலர் அன்றே நிம்மதி அடைந்தனர். நாம் அவ்வாறு நிம்மதி அடைய இயலாது. உரிமத்தைக் கேட்டது தவறு என்பதல்ல நமது வாதம். அதே கேள்வியைக் கேட்க வேண்டிய இன்னொரு வாசற்படி உண்டு என்பதும், அந்தப் படியேறச் சட்டம் அனுமதிப்பது மட்டுமன்றி வழியும் காட்டுகிறது என்பதும்தான் நமது வாதம்.

காவலர் எப்போது கேட்கலாம்?

முதலில் சட்டத்தைத் தெளிவாகப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19ஆவது பிரிவின்படி, ஆயுதமோ தோட்டாவோ எடுத்துச் செல்லும் எவரிடமும் எந்தக் காவல்துறை அதிகாரியும் உரிமத்தைக் காட்டும்படி கோரலாம். காட்ட மறுத்தால் அல்லது காட்ட இயலாவிட்டால், பெயரையும் முகவரியையும் கேட்கலாம். தேவையெனக் கருதினால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயரும் முகவரியும் தர மறுத்தாலோ, அவை பொய் என்றோ ஆள் தப்பிவிடுவார் என்றோ ஐயம் எழுந்தாலோ பிடியாணையின்றிக் கைது செய்யலாம். சட்டவிரோதச் செயலுக்காக ஆயுதம் எடுத்துச் செல்லப்படுகிறது என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால், உரிமம் இருந்தாலும்கூடக் கைது செய்ய 20ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இந்த அதிகாரத்துக்கு எல்லைகளும் உண்டு. 19ஆவது பிரிவு ஆயுதத்தை ‘எடுத்துச் செல்பவரை’ப் பற்றியது, துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற வெறும் ஊகத்தில் எவர் வீட்டிலும் நுழைவதற்கான சீட்டு அல்ல. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாக 3ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதி தேவை என்கிறது 39ஆவது பிரிவு. வீட்டு அல்லது வேளாண் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட பொருட்களையும் கைத்தடியையும் ‘ஆயுதம்’ என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கி வைக்கிறது. வயலிலிருந்து கதிரரிவாளுடன் திரும்பும் விவசாயத் தொழிலாளியை மிரட்டும் காவலருக்கு நம் தோழர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எனவே கரமனை காவலர்கள் உரிமம் கேட்டதில் சட்டப் பிழை ஏதுமில்லை. கடைத்தெருவில் துப்பாக்கியுடன் நிற்பவரிடம் அது யார் கொடுத்த அனுமதி என்று கேட்பது பொதுமக்களின் பாதுகாப்புக்கு அவசியம். ஆயுதம் ஏந்துவது அமெரிக்காவில் உள்ளதுபோல் அடிப்படை உரிமையாக வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் நமது அரசமைப்பின் 19ஆவது உறுப்பு வழங்குகிறது. அதுவே நமக்கு உகந்தது.

துப்பாக்கி யாருடைய தேவை?

ஆனால் அந்த ஐவரின் தோளில் துப்பாக்கியை ஏற்றியது எது? வேட்டை ஆசையா, வீண் பெருமையா? இல்லை. ஏடிஎம் இயந்திரத்தில் பணம் நிரப்பும் வண்டியுடன் ஓட்டுநர் நீங்கலாக இரண்டு பணப் பொறுப்பாளர்களும் ஆயுதம் ஏந்திய இரண்டு காவலர்களும் செல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பணப் போக்குவரத்து விதிகளும் இரண்டு ஆயுதக் காவலர்களைக் கட்டாயமாக்கின. துப்பாக்கி தேவைப்பட்டது வங்கிக்கு. அந்தத் தேவையை ஒப்பந்தமாக எடுத்தது தனியார் நிறுவனம். அதைத் தோளில் சுமந்தவர் தொழிலாளி.

வங்கித் துறையில் நிரந்தரப் பணியாளர் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளப்பட்டன. இலாபம் வங்கியிலும் நிறுவனத்திலும் தங்கியது. ஆபத்து மட்டும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கொத்தனார் தன் கரண்டியைக் கொண்டுவருவதுபோல, காவலர் தன் சொந்தத் துப்பாக்கியையும் சொந்த உரிமத்தையும் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்கும் வழக்கம் இத்தொழிலில் பரவலாக இருக்கிறது. உரிமம் இருந்தால்தான் வேலை என்ற நிலையில், வேலையற்ற இளைஞன் உரிமத்தை விற்பவனைத் தேடிப் போகிறான். போலி உரிமத்துக்கு நாம் நியாயம் கற்பிக்கவில்லை. அதன் சந்தை எங்கே பிறக்கிறது என்று காட்டுகிறோம்.

அந்தச் சந்தை சிறியதன்று. 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் தகுதியற்றோருக்கு வழங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை சிபிஐ விசாரித்தது. ஆயுத வியாபாரிகளும் அதிகாரிகளும் கைகோத்து நடத்தியதாகக் கூறப்படும் இந்த வழக்கில், 2020இல் மாவட்ட ஆட்சியர்களாக இருந்த இரண்டு ஐஏஎஸ் அதிகாரிகளே கைதாயினர். அசல் உரிமமே விலைக்குக் கிடைக்கும் இடத்தில் போலியும் விலைபோவதில் வியப்பென்ன?

33ஆவது பிரிவு தூங்கலாமா?

பணப் போக்குவரத்து விதிகளின்படி, தன் ஊழியரின் முன்வரலாற்றைச் சரிபார்த்துப் பணியில் அமர்த்துவது நிறுவனத்தின் கடமை. ரஜௌரிக்குக் கேள்வி அனுப்பி காவல் நிலையம் தெரிந்துகொண்டதை, நிறுவனம் ஆளை எடுக்கும் முன்பே தெரிந்துகொண்டிருக்க முடியும்.

ஆயுதச் சட்டத்தின் 33ஆவது பிரிவு நிறுவனங்களின் குற்றத்தைப் பற்றியது. நிறுவனம் குற்றம் புரிந்தால், அப்போது அதன் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் நிறுவனமும் குற்றவாளிகளாகவே கருதப்படுவர். தனக்குத் தெரியாமல் நடந்தது, உரிய கவனம் அனைத்தும் எடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் சுமை அந்தப் பொறுப்பாளருடையது. இயக்குநர், மேலாளர் ஆகியோரின் உடந்தையோ அலட்சியமோ நிரூபணமானால் அவர்களும் தப்ப முடியாது. தொழிலாளிக்கு எதிராக 19ஆவது பிரிவு விழித்துக்கொள்ளும் வேகத்தில், முதலாளியின் வாசலில் 33ஆவது பிரிவு விழிக்க வேண்டாமா?

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. இந்தத் தண்டனையின் முழுப் பாரமும் மாதச் சம்பளக்காரன் தலையிலேயே இறங்குமானால், அடுத்த மாதமே வேறொரு ஊரிலிருந்து வேறு ஐந்து பேர் அதே வண்டியில் ஏறுவார்கள். துப்பாக்கி மாறாது, சுமப்பவர் மட்டுமே மாறுவார்.

கைதானவர்கள் காஷ்மீரிகள் என்ற ஒரு சொல்லே பலருக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. ஆயுதத்தைவிட அதை ஏந்தியவரின் இனத்தைப் பார்க்கும் பழக்கம் இம்மண்ணுக்குக் காலனி ஆட்சி கற்பித்தது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் அந்த இனப் பாகுபாடு இல்லை. காவல் நிலையத்திலும் செய்தி அறையிலும் அது பின்வாசல் வழியே நுழைய நாம் அனுமதிக்கக் கூடாது. போலி உரிம வழக்கு போலி உரிம வழக்காகவே விசாரிக்கப்பட வேண்டும்.

நம் கடமை

இது நடந்தபோது கேரளத்தில் ஆட்சியிலிருந்தது இடது ஜனநாயக முன்னணி. ஆகவே இதைப் பேசாமல் விடலாம் என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். அது தவறு. காவல்துறை என்ற இயந்திரம் ஆட்சி மாறியதாலேயே வர்க்கப் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை. கீழ்நோக்கிக் கேட்கும் கேள்வியை மேல்நோக்கியும் கேட்க அதைப் பழக்குவது இடதுசாரி அரசியலின் வேலை. இடதுசாரிகள் ஆளும் இடத்தில் அந்தப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நமது கோரிக்கைகள் எளியவை. உரிமம் போலி எனக் கண்டறியப்படும் ஒவ்வொரு வழக்கிலும் வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தின் பங்கும் 33ஆவது பிரிவின் கீழ் விசாரிக்கப்பட வேண்டும். பணிக்குத் தேவையான ஆயுதத்துக்கும் உரிமத்துக்கும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். தொழிலாளியின் தோளில் அதைக் கட்டக் கூடாது. ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி வங்கி நழுவ இடம் தரக் கூடாது. ஏடிஎம் பணிகள் வங்கியின் நேரடிப் பணியாக மீண்டும் மாற்றப்பட வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர் ஏடிஎம் வாசலில் துப்பாக்கியுடன் நிற்பவரை நாம் எத்தனை முறை கடந்து சென்றிருக்கிறோம்? அவருடைய சம்பளம் என்ன, வேலை நேரம் என்ன, அந்தத் துப்பாக்கி யாருடையது என்று கேட்டிருக்கிறோமா? காவலர் அவரிடம் உரிமம் கேட்கும் முன், தொழிற்சங்கம் அவரிடம் நலம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நாளைக்கே தொடங்குவோம்.