அப்பாவின் மணிக்கூடும் அசையாத ஸ்குரூவும்

போன குளிர்காலம் அப்பாவுக்கு ஒப்பரேசன் நடந்தது. அதுக்குப் பிறகு ஆள் நல்லா மெலிஞ்சு போனார். கையில் கட்டியிருந்த ஸ்டீல் மணிக்கூடு முழங்கை வரைக்கும் ஓடத் தொடங்கியது. ஒருநாள் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தவர், பிறகு தொடவே இல்லை. அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

"கடையில குடுத்தா ரெண்டு கண்ணி கழட்டித் தருவாங்களப்பா."

"நீ இஞ்சினியர்தானே, இதுக்கும் காசு குடுக்கிறதோ?"

நான் எழுதுவது சொப்ட்வெயர் என்று அவருக்கு விளங்கப்படுத்துவதைக் கைவிட்டுப் பத்து வருசமாகிறது.

சனிக்கிழமை, கோலியர்ஸ் வுட்டில் எங்கட சமையலறை மேசையில் துவாயை விரித்து இருந்தேன். செயினின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் அநேகமாக உள்ளே ஊசிதான். அந்தப் பக்கம் தள்ளி எடுக்கலாம். அப்பாவுடையதில் அம்பு இல்லை, ஓரத்தில் சின்ன ஸ்குரூத் தலைகள். கொக்கி கையின் நடுவில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி எடுக்கவேணும். முதல் பக்கம் இலேசாக வந்தது. மற்றப் பக்கம் அசையவே இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்த ஸ்குரூ டிரைவரால் நெரித்தேன். வழுக்கி, தலையில் ஒரு காயம் விழுந்தது. அங்கேயே நிறுத்தியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

துருவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, பசை. கண்ணிகள் கழன்று விழாமல் இருக்க ஸ்குரூப் புரியில் ஒரு துளி பூசி விடுகிறார்கள். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய லொக்டைட் வகை. காற்று இருக்கும்வரை திரவம். உலோகத்துக்கு நடுவே காற்றில்லாமல் அகப்பட்டால் இறுகிவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்தாலும் இது கரையாது. சூடு காட்டினால் இளகும்.

ஆனால் மணிக்கூட்டோடு சூடு காட்டக்கூடாது. உள்ளே தண்ணி போகாமல் காக்கும் ரப்பர் வளையங்களும் பற்றரியும் கெட்டுப்போகும். முதலில் செயினைத் தனியாகக் கழற்றினேன். வெட்டுக்கு அகலத்திலும் தடிப்பிலும் சரியாகப் பொருந்தும் 1.6 மில்லிமீற்றர் டிரைவர் ஒன்று வாங்கினேன். கண்ணாடி டிரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிவானது. திருப்பத் திருப்ப மேலே ஏறி வெட்டைத் தின்றுவிடும். சுற்றிவரக் கீறல் விழாமல் ரேப் ஒட்டினேன். மகள் ஹெயார் டிரையரைப் பிடித்தாள்.

"அப்பப்பாட கை ஏன் சின்னனாப் போச்சு?"

அப்பா பக்கத்து அறையில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு குறைஞ்சிட்டுது பிள்ளை" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

மூன்று நிமிசச் சூடு, சரிவரவில்லை. திரும்பவும் மூன்று நிமிசம். டிரைவரின் தலையை உள்ளங்கையால் கீழே அமுக்கிக்கொண்டு, ஆறமுதல் மெல்லத் திருப்பினேன். திருப்புவதைவிட அமுக்குவதற்குத்தான் அதிக பலம் வேணும். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்குரூவோடு நீலப் பொருக்கும் வந்தது.

படிகாரத் தண்ணியில் போட்டால் இறுகின ஸ்குரூ கரையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பித்தளைக்குள் முறிந்த இரும்பு ஸ்குரூவுக்குப் பழைய கடைக்காரர் செய்யும் வைத்தியம். இங்கே செயினும் இரும்புதான். தலை முழுதாகத் தேய்ந்துவிட்டால் கௌரவம் பாராமல் கடைக்குப் போய்விடுங்கள்.

பழைய பசையைத் துடைத்து, பல்லுக்குத்தும் குச்சி நுனியால் புதுப் பசை தொட்டுப் பூட்டினேன். ஒருநாள் காயவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா கட்டி, கையை உதறிப் பார்த்தார். "ரெண்டு நிமிசம் பிந்தி ஓடுது" என்று திருகத் தொடங்கினார்.

அம்மா கதவடியில் நின்று மெதுவாகக் கேட்டா: "கழட்டின கண்ணி எங்க? எறிஞ்சுபோடாத. ஆள் தேறினா வேணும்."

இரண்டையும் ஒரு சின்னப் பையில் போட்டு, அந்த லாச்சிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.