பாடசாலை இலக்கியமும் கைப்பேசியும்

குறிஞ்சி நிலத்தை வீட்டு வாசலிலேயே காணும் போடிச் சரிவுப் பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டு விளங்கவில்லையெனில், குற்றம் அவர்களுடையதன்று. 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் மூலத்தோடு பழைய உரையையும் சேர்த்தே அளித்தார். 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் மூலங்களைக் கணினியில் இலவசமாக வழங்கிற்று, போற்றற்குரியதே. ஆயினும் சொற்பொருள் அறியாத சிறுவனுக்கு ஏடென்ன, திரையென்ன?

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகிறது. பொட்டிபுரத்து ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள் அதைத் திறக்க, தந்தையின் கைப்பேசி மாலையில் வீடு திரும்பவேண்டும், அலைத்தொடர்பும் வாய்க்கவேண்டும். இதையா ஏற்பாடு என்பது? தொடர்பின்றியே திறக்கத்தக்க, பதவுரையும் திணை விளக்கமும் உபாத்தியாயர் குரலும் அடங்கிய பாடங்களைச் சர்க்கார் ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பட்டும். நாம் கேட்பது சலுகையன்று.