இயற்கையின் வடிவமும் கலைஞரின் கடனும்

இரு வாரங்களில் அகற்றப்படும் கலைக்கு ஈராண்டுத் திட்டம் வீண் ஆடம்பரம் என்பர் சிலர். இக்கூற்று கலையின் பயனை அதன் ஆயுளால் அளப்பதன் விளைவாகும்.

1983 மே மாதத்திற் புளோரிடாவின் பிஸ்கேன் விரிகுடாவிலே கிறிஸ்ரோவும் ஜீன் குளோட்டும் 11 தீவுகளைச் சூழ இளஞ்சிவப்புத் துணியை நீரில் மிதக்கவிட்டனர். தீவுகளின் கரைவளைவுகளைத் தழுவுமாறு அது 79 வடிவங்களில் வெட்டப்பட்டது. ஆயின் திட்டம் வரைபடத்தோடு அமையவில்லை. கடல்வாழ் உயிரியலாளரும் பறவையியலாளரும் கலந்தாலோசிக்கப்பட்டனர். அரச அனுமதிகள் பெறப்பட்டன. தீவுகளிற் கிடந்த ஏறத்தாழ 40 தொன் குப்பை முதலில் அகற்றப்பட்டது. செலவினைக் கலைஞர்கள் தம் ஆயத்த ஓவியங்கள் முதலியவற்றை விற்றே ஈடுசெய்தனர்.

ஆறு இலட்சம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட செயற்கைத் துணியைக் கடலில் விரித்தமை விவாதத்திற்குரியதே. அவ்விவாதம் துணி விரிக்கப்படுமுன்னரே மக்கள் மத்தியில் நிகழ இடமளித்தது அத்திட்டமே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இயற்கையின் வடிவத்தை இரவல் பெறுவோர் அங்கு வாழும் உயிர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராவர். ஆராயாது வெட்டவெளியில் எதனையோ நிறுவி, சிதைந்ததை அங்கேயே விட்டகல்வோருக்குத் 'தற்காலிகம்' என்னும் சொல் அரணாகாது. அகற்றும் நாளையும் முறையையும் முன்னரே வகுக்காத படைப்பு, கைவிடப்பட்ட பண்டமேயாகும்.